ஓரத்தில் ஒரு கொத்து

1

இந்தக் கதை அக்காவின் இடுப்பெலும்பிலிருந்து எடுக்கப்பட்டது. உவமை இல்லை, ஊசி குத்தித்தான் எடுத்தார்கள். சினைப்பைப் புற்றுநோய்* அவளுக்கு. ரத்த அணுக்கள் காரணமில்லாமல் குறைந்ததால், எலும்பு மஜ்ஜைக்கும் பரவிவிட்டதோ என்று சந்தேகம். பரவவில்லையென்றால் ஆபரேஷன். பரவியிருந்தால் அது கிடையாது.

* கருப்பை அல்ல. உறவினர்களில் பாதிப்பேர் ஆறுதலை வேறு உறுப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

2

இதைக் கதையாக்க நான் எழுதிய முதல் தொடக்கம்: "மஜ்ஜையின் செவ்விருளில், ஒரு துரோகியைப் போல..."

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா, என் எலும்புக்குள்ள ராஜா நாடகமா?"

[துரோகி நீக்கப்பட்டார்.]

இரண்டாம் தொடக்கம்: "வாழ்க்கை என்பது..."

"என்னன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லு."

3

மஜ்ஜையைப் பார்க்கும் மருத்துவருக்கு நான் ஊடுருவும் விழிகள் எழுதி வைத்திருந்தேன். வந்தவருக்கு ஜலதோஷம். [விழிகளைத் திரும்பப் பெறுகிறேன்.]

"கண்ணாடியில தடவின மஜ்ஜையோட ஓரத்தைத்தான் முதல்ல பார்க்கணும்" என்று நுண்ணோக்கியில் எனக்கும் காட்டினார். "கொத்தா இருக்கிறதெல்லாம் ஓரத்துலதான் ஒதுங்கும். நடுவுல மட்டும் பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிடக் கூடாது."

ஓரத்தில் ஒரு கொத்து இருந்தது.

அங்கேயே, மனத்துக்குள், சோக முடிவை எழுதி முடித்தேன். மழை, காலி நாற்காலி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன.

மருத்துவர் தும்மினார். "அதுக்குள்ள முகத்தை மாத்தாதீங்க சார். எலும்பு கட்டுற செல்லுங்களும் இப்படித்தான் கூட்டமா நிக்கும், அச்சு அசல் புற்று மாதிரியே. கூடவே எடுத்த எலும்புத் துண்டுக்கு, புற்று செல்லுல மட்டும் ஏறுற தனிச் சாயம் போட்டிருக்கேன். அது சொல்லட்டும், காலையில ஃபோன் பண்றேன்."

4

அன்றிரவு நான் காகிதத்தில் எழுதிய இரண்டு முடிவுகளையும் அக்கா படித்தாள்.

"சாகிறதுல தமிழ் கொஞ்சுது. பிழைக்கிறது பாதி வாக்கியத்துல நிக்குதே, ஏன்டா?"

"அதை எழுதறது கஷ்டம்க்கா."

"கஷ்டப்படு."

அந்தப் பாதி வாக்கியம் இது: "ஆபரேஷன் முடிந்து, அக்கா வீட்டுக்கு வந்து..."

"வந்து, குளியலறைத் தாழ்ப்பாளை இன்னும் சரி பண்ணலையான்னு தம்பியைத் திட்டினா. எழுதிக்கோ."

"அதுல இலக்கியம் இல்லையே."

"தாழ்ப்பாளும்தான் இல்லை."

5

காலை. ஃபோன் அடிக்கிறது. நான் கை நீட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள். "சொல்லுங்க டாக்டர். ஜலதோஷம் எப்படி இருக்கு?"

பதில் அவள் காதில் இருக்கிறது. எழுதியவன் என்ற உரிமையில் எட்டிக் கேட்கலாம்தான். கேட்கவில்லை, திருப்புளி தேடிக்கொண்டிருக்கிறேன். சாயம் ஏறியிருந்தாலும் ஏறாவிட்டாலும் தாழ்ப்பாள் இன்றைக்குச் சரியாகிவிடும்.

காலி நாற்காலியைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். மற்றதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், ஓரத்திலிருந்து தொடங்கி, அவசரப்படாமல்:

அக்கா வீட்டுக்கு வந்து