சலவை இயந்திரத்தில் செம்மண்

வியாழக்கிழமை காலை கார்த்தின் ஐந்து வெள்ளைச் சட்டைகளும் சலவை இயந்திரத்திலிருந்து இளஞ்சிவப்பாக வெளியே வந்தன. அவன் மனைவி ஷாலீஸ் ஒன்றை உதறி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஐந்தும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டைகள். சாயம் போகிற துணி எதையும் அவள் கூடப் போடவில்லை. குனிந்து இயந்திரத்தின் ரப்பர் விளிம்பை விரலால் நெம்பினாள். மடிப்பு முழுக்க ஈரச் செம்மண், அதில் சிக்கிய மஞ்சள் நூல். புதைந்த வண்டியை இழுக்கிற பட்டையின் நூல்.

அவர்கள் இருக்கிற பிரைஸ் ஊரில் அந்த நிறத்தில் மண் கிடையாது. தெற்கே ஒன்றரை மணி நேரம் போனால், பன்றிவால் பள்ளத்தாக்கின் மணல் ஓடையில் உண்டு. ஈஸ்டருக்கு ஈஸ்டர் அங்கே போய்வந்து பதினாறு வருடமாக அதைக் காதிலிருந்தும் காலுறையிலிருந்தும் கழுவி எடுத்தவள் அவள். அடையாளம் தெரியாதா என்ன?

போன சனிக்கிழமை கார்த்தும் அவன் தம்பி டெல்லும் மணலிலும் பாறையிலும் ஏறுகிற வண்டி ஆளுக்கொன்றில் அங்கே பாதை பார்க்கப் போயிருந்தார்கள். ஈஸ்டர் பயணத்துக்கு முன்னால் வருடாவருடம் நடப்பதுதான். ஆனால் இந்த முறை கார்த்தின் பச்சை வண்டி பளபளவென்று வீடு திரும்பியது. வண்டியில் ஒட்டிய மண்ணைப் பதக்கம் மாதிரி மாதக்கணக்கில் காட்டிக்கொண்டு திரிகிற மனிதன், அடிப்பக்கம் வரை கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். "தூசி ஜாஸ்தி, அதான்" என்றான். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். வண்டியோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பான். இழுவைப் பட்டையையும் துவைக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டான்.

இழுவைப் பட்டை சும்மா இருந்தால் அழுக்காகாது. பையை விட்டு வெளியே வந்திருந்தால், ஒரு வண்டி மாட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று இழுத்திருக்கிறது.

அந்தக் குடும்பத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஷாலீஸின் மாமனார் லவார் முப்பது வருடங்களுக்கு முன்னால் கராஜ் கதவின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் எழுதிவைத்த சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது: "வேறு வண்டியால் இழுக்கப்பட்டவர் அடுத்த பயணத்துக்குச் சாவியைத் துணையிடம் கொடுக்க வேண்டும். எந்த நாளானாலும், எந்த மணலானாலும். சாக்குப்போக்கு செல்லாது." லவாரே நான்கு முறை சாவி கொடுத்தவர். டெல் இரண்டு முறை கொடுத்திருக்கிறான். அவன் மனைவி ஜனெல் அந்த இரண்டு பயணத்தையும் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். கார்த் மட்டும் பதினாறு வருடத்தில் ஒரு முறைகூட இழுபட்டதில்லை.

அதனால் ஷாலீஸ் பதினாறு வருடமாகப் பக்கத்து இருக்கை. மதியச் சாப்பாடு அவள் பொறுப்பு. பாறை வந்தால் இறங்கி முன்னால் நின்று கைகாட்டுவதும் அவள்தான். பன்றிவாலின் கடைசியில் மூன்று பாறைப் படிகள் உண்டு, ஒவ்வொன்றும் அவள் இடுப்பு உயரம். எந்தச் சக்கரம் எந்த வெடிப்பில் ஏற வேண்டும், எங்கே மூச்சு விடாமல் அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவள் விரல் சொல்கிறபடி கார்த் திருப்புவான். மேலே போனதும் எல்லோரும் கார்த்துக்குக் கைதட்டுவார்கள். ஒரு தடவை நான் ஓட்டுகிறேனே என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பான். வாய்விட்டு மறுக்கவும் மாட்டான், கொடுக்கவும் மாட்டான்.

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முதலில் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது. மாட்டிக்கொண்டதற்கு இல்லை, யார்தான் மாட்டவில்லை. ஒரே ஒரு நாள் அவள் கையில் சாவி போய்விடக்கூடாது என்பதற்காக மனிதன் மண்டி போட்டு வண்டியின் வயிற்றைத் தேய்த்திருக்கிறானே, அதற்கு. அது அவளுக்கு உண்மையிலேயே வலித்தது.

நேராகப் போய்க் கேட்கலாம்தான். ஆனால் கார்த் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் டெல்லை இழுத்தேன் என்பான். இதை நினைத்ததும் ஷாலீஸ் அப்படியே சலவை இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றுவிட்டாள். சொல்லட்டுமே! எல்லோர் முன்னாலும், முக்கியமாக ஜனெல் முன்னால், சொல்லட்டும்.

சட்டைகளைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. நான்கை மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள். ஐந்தாவதைத் தனியாக எடுத்துவைத்தாள்.

சனிக்கிழமை மதியம் கராஜில் திட்டக் கூட்டம். டெல்லின் வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி அதன்மேல் வரைபடத்தை விரித்திருந்தார்கள். மடக்கு நாற்காலியில் லவார் உட்கார்ந்து ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். ஜனெல் கையில் அவள் தலை அளவு சோடாக் கோப்பை. ஷாலீஸின் பதினைந்து வயது மகள் பிரின்லி பச்சை வண்டியின் பானெட்டில் ஏறிக்கொண்டாள். கார்த், பிளாஸ்டிக் உறை போட்ட திட்டத் தாளை உயர்த்திப் பிடித்து வாசித்தான்.

"முதல் வண்டி நான். ரெண்டாவது டெல். மணல் ஓடைக்கு முன்னாடி எல்லாரும் நிறுத்தி டயர்ல காத்த எறக்கணும். பதினஞ்சு பவுண்டுக்கு வரணும், அப்பத்தான் மணல்ல பொதையாது. டெல், உனக்குத்தான் சொல்றேன். சோம்பேறித்தனம் பண்ணாத."

டெல் அண்ணனை முறைத்தான்.

அப்போதுதான் ஷாலீஸ் சீஸும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட தட்டத்தோடு உள்ளே வந்தாள். தட்டம் சூடு. இளஞ்சிவப்புத் துணியால் சுற்றிப் பிடித்திருந்தாள். வரைபடத்தின் நடுவிலேயே வைத்தாள். துணியில் காலர் இருந்தது, பொத்தான் இருந்தது.

"இதென்ன, சட்டையா?" என்றார் லவார்.

"ஆமாப்பா. கார்த்தோட சர்ச் சட்டை. இந்த வாரம் மெஷின்ல போட்டேன், இப்படி வந்துச்சு. அதுக்கு முன்னாடி கார்த் இழுவைப் பட்டையத் தோச்சிருக்கான் போல. பாவம், வீட்டு வேலையில ஒத்தாசை பண்ணணும்னு நெனச்சிருப்பான்."

கராஜில் ஐஸ் கடிக்கிற சத்தம் நின்றது.

"பட்டையா?" லவார் நிமிர்ந்தார். "பட்டைல எப்படிடா மண்ணு?"

"அழுக்கா இருந்துச்சுப்பா" என்றான் கார்த்.

"எவனையாவது இழுத்தாத்தான் அது அழுக்காகும். பாதை பாக்கப் போனது நீங்க ரெண்டே பேரு. யாரு இழுபட்டது?"

கார்த் வரைபடத்தைப் பார்த்தான். டெல் கூரையைப் பார்த்தான். ஷாலீஸ் உருளைக்கிழங்கைப் பரிமாறினாள்.

"டெல்தான்" என்றான் கார்த். "சின்னதா ஒரு இழுப்பு. அதையெல்லாம் கணக்குல சேக்க வேணாம்னு சொல்லாம விட்டுட்டோம்."

டெல்லின் வாய் திறந்தது. அவன் ஒன்றும் சொல்வதற்குள் ஜனெல் சோடாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவி."

"ஜனெல், இரு..."

"கதவுல எழுதியிருக்கு, படிக்கத் தெரியும்ல? சின்ன இழுப்பு பெரிய இழுப்புன்னு எதுவும் போடல. கொண்டா."

"இந்த வருஷம்தான் புது ஸ்பிரிங் மாட்டினேன்! பனிக்காலம் பூரா அதுக்குக் கீழயே கெடந்தேன்!"

"ரொம்ப நல்லது, எனக்குக் குலுங்காது. மொதல்ல அந்தக் கண்ணாடியில தொங்குற எலும்பக் கழட்டி எறியணும். அப்புறம் உன் பாட்டு லிஸ்ட அழிக்கணும்."

டெல் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினான். ஒரு நிமிடம் டெல் தாக்குப்பிடித்ததை ஷாலீஸ் மெச்சத்தான் செய்தாள். ஜனெல் சாவி வளையத்துக்குள் விரலை விட்டாள்.

"நான் இல்ல!" டெல் வெடித்தான். "அவன்தான்! நான்தான் அவன இழுத்தேன்! ரெண்டு தடவ!"

"ரெண்டா?" என்றார் லவார்.

"மணல் ஓடைலப்பா. தட்டையான மணல்! ஒரு கல்லுகூட கெடையாது. காத்த எறக்காமயே உள்ள விட்டான். எனக்குப் பாடம் நடத்துறான், பதினஞ்சுக்கு வரணும்னு! அச்சு வரைக்கும் பொதஞ்சிருச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னு ரெண்டு பை மான்கறி வத்தல் குடுத்தான்."

"ஓ, வத்தல் அங்கதான் போச்சா?" பானெட்டிலிருந்து பிரின்லி கேட்டாள். "நாய் தின்னுடுச்சுன்னு சொன்னியேப்பா! நாய ரெண்டு நாள் திட்டினேன்."

லவார் சிரிக்க ஆரம்பித்தார். ஐஸ் புரையேறி, டெல் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. கார்த்தின் முகம் சட்டையைவிடச் சிவந்திருந்தது. அவன் ஷாலீஸ் பக்கம் திரும்பினான்.

"உனக்கு மொதல்லயே தெரியும்."

"வியாழக்கிழமையே தெரியும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"பதினாறு வருஷமா கேட்டேனே, கார்த்."

அதை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கார்த் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "தப்புதான்" என்றான். அவனுக்கு அந்த வார்த்தை சுலபமாக வருகிறதில்லை, அவளுக்கு அது தெரியும்.

சாவி வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு நாள் ஆசைப்பட்டது கைக்கு வந்ததும் ஷாலீஸுக்குப் பயமாக இருந்தது. பன்றிவாலின் மூன்று படிகளும் கண்முன் வந்து நின்றன. பயத்தை யாரும் பார்ப்பதற்குள் வண்டியில் ஏறி, கார்த்தின் உடம்பு பள்ளம் பறித்து வைத்திருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். கார்த் ஆறடி மூன்று அங்குலம். அவள் கால் பெடலுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

"இருக்கைய முன்னாடி தள்ளிக்கோம்மா" என்றாள் பிரின்லி.

ஷாலீஸ் அடியில் இருந்த நெம்புகோலை இழுத்தாள். அசையவில்லை. கார்த் வந்து இழுத்தான், அவனுக்கும் அசையவில்லை. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான்.

"இருக்கை ஓடுற தண்டவாளம் பூரா மண்ணு இறுகிக் கெடக்கு" என்றான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "இத ஒரு தடவகூட நகத்தினதில்ல" என்றான்.

"நகத்த வேண்டிய அவசியம் வரலியே" என்றாள் ஷாலீஸ்.

கார்த் எண்ணெய்ப் பீச்சானைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் அடித்தான். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான், மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. பிறகு அவனும் டெல்லும் பின்னாலிருந்து தோள் கொடுத்து முட்டினார்கள். ஜனெல் எண்ணினாள். மூன்றாவது முட்டில் இருக்கை கீச்சென்று கத்திக்கொண்டு, ஷாலீஸையும் சுமந்து முன்னால் ஓடி, டக்கென்று நின்றது. பதினாறு வருடச் செம்மண் கராஜ் தரையில் குவியலாகக் கிடந்தது. அவளுடைய இரண்டு பாதமும் பெடல்மேல் முழுசாகப் பதிந்திருந்தன.

"சரி, எறங்கு. வண்டிய வெளிய எடுத்து டயரப் பாத்துட்டு வரேன்" என்றான் கார்த், மூச்சு வாங்க.

அவள் இறங்கினாள். அவன் ஏற முயன்றான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நெம்புகோலை இழுத்து இருக்கையைப் பின்னால் தள்ளினான். மறுபடி தள்ளினான். இருக்கை வந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டுவிட்டது.

"ஷாலீஸ், அந்த எண்ணெய எடு."

ஷாலீஸ் எண்ணெய்ப் பீச்சானை எடுத்தாள். மூடியை நன்றாகத் திருகி மூடி, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள்.