நேராக நிற்கப் பழகுதல்

முப்பத்தைந்து வயதில் எனக்கு நிற்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் என்னைவிட இளையவர், பிசியோதெரபிஸ்ட். மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய பயிற்சி அறை. ரப்பர் வாசனை, நீல நிற விரிப்புகள், சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிற பெண்கள் நாங்கள் நான்கு பேர் அங்கே போனோம். முதல் நாள் கண்ணை மூடி நேராக நிற்கச் சொன்னார். நின்றோம். பிறகு கண்ணைத் திறந்து, பக்கவாட்டில் தெரிகிற முழங்காலைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். நான்கு பேருக்கும் முழங்கால் வில் மாதிரிப் பின்பக்கம் வளைந்திருந்தது.

என் முழங்காலுக்குப் பின்னால் விரலை வைத்து லேசாக முன்னே தள்ளினார். எனக்கோ பாதி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் கால் நேராக இருக்கிறது.

“இதுதான் நேர்னா, இத்தனை வருஷமா நான் நின்னதுக்கு என்ன பேரு?”

“நீங்க நிக்கலை. மூட்டுல தொங்கிட்டு இருந்தீங்க.”

சின்ன வயதில் இந்த வளைவுக்கு எங்கள் வீட்டில் மரியாதையே வேறு. விருந்தாளி வந்தால் போதும், கட்டை விரலை மணிக்கட்டு வரை மடக்கிக் காட்டு என்று என்னை நடுக்கூடத்தில் நிறுத்திவிடுவார்கள். நானும் பெருமையாக மடக்கினேன். பிற்பாடு தோள் நழுவ ஆரம்பித்தது, இடுப்பு நழுவியது, காலையில் எழுந்திருக்கும்போதே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு டாக்டரும் பரிசோதனை எழுதிக் கொடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பினார். என் கணவர் நல்லவர். வலி என்று நான் சொல்ல ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். சட்டத்தில் திருகாணி முடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் விரல் நுனி பின்பக்கம் மடங்கிக்கொள்ளும். முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னை லென்ஸ் துடைக்கிற பக்கம் உட்கார வைத்தார். அதற்குக்கூட நான் அலட்டிக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் மகளுக்கு மூன்று வயது. அவளை நான் தூக்க வேண்டும். அவளைத் தூக்கி வளர்த்தது என் நாத்தனார். வேலை தேடி வந்தவள், வந்த இடத்தில் என் பிள்ளைக்கு இடுப்பாகிப் போனாள்.

பயிற்சி என்றால் பெரிதாக எதையோ நினைத்துக்கொண்டு போனேன். சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். கை நகரக் கூடாது. ரப்பர் பட்டையைப் பாதி வரைக்கும் இழுத்து நிறுத்த வேண்டும். இவ்வளவுதான், இதையே திரும்பத் திரும்ப. இன்னும் கொஞ்சம் போகுமே என்று நான் கேட்டதற்கு, போகும், அதுதானே உங்கள் வியாதி என்றார் பிசியோ. மற்ற இடங்களில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உசுப்பேற்றுவார்கள். இங்கே போதும் என்கிற ஒரே பாட்டு. எங்களில் கல்லூரிப் பெண் ஒருத்தி, ரப்பர் என்று கூப்பிடுவோம், போதும் என்ற சொல் காதில் விழுவதற்குள் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோயிருப்பாள்.

இரண்டு மாதம் போனது. தோள் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், மகள் ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கினாள். நாத்தனார் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். குனிந்து தூக்கிவிட்டேன். முழங்கையையும் முழங்காலையும் இறுக்கிப் பூட்டி, நல்ல பலமாகத்தான் பிடித்திருப்பதாக நினைத்தேன். மார்பு உயரம் வருவதற்குள் தோள் நழுவியது. குழந்தை தரையில் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். நான் போட்ட கத்தலில் அவள் அழக்கூட மறந்து, தொங்குகிற என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, நீங்க தூக்காதீங்க. நான்தான் இருக்கேன்ல” என்றாள் நாத்தனார். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

பிசியோ திட்டவில்லை. முழங்கையை எப்படி வைத்திருந்தேன் என்று மட்டும் கேட்டார். நேராகத்தான் வைத்திருந்தேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. அவர் என்னைச் சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

மறுபடி முதலிலிருந்து. உள்ளங்கை, சுவர், போதும். மழைக்காலம் வந்து போனது. எங்கள் நான்கு பேரில் ஒருவரான டீச்சர் பாதியில் நின்றுவிட்டார், அலுத்துவிட்டதாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உடம்பை நம்ப முடியாமல் ஒவ்வொரு அசைவுக்கும் கண்ணாடியைக் கேட்டுக்கொண்டு வாழ்வது அலுப்பான வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தேன். மணல் பை வந்தது. அதைவிடப் பெரிய பை வந்தது. ஒரு நாள் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்து நாற்காலியிலிருந்து எழுந்தேன். பிசியோ கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே பிள்ளையைத் தூக்கலாம். உக்காந்து அணைச்சுட்டு அப்புறம் எழுந்திரிங்க. கையை முழுசா நீட்டாதீங்க.”

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் சமையலறை வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மகளைக் கூப்பிட்டேன். வந்தாள், கை தூக்கவில்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என்னிடம் அவள் கை தூக்கியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தையிடம் தூக்குகிறாள், அப்பாவிடம் தூக்குகிறாள், பால்காரரிடம்கூடத் தூக்குகிறாள்.

“வா, அம்மா தூக்கறேன்.”

“வேணாம். உனக்குக் கை கழண்டுடும்.”

கழலாது என்றேன். நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு, கிட்டே வராமல் அங்கேயே நின்றாள். குழந்தையை இழுத்து நெஞ்சோடு அணைத்தேன். வயிற்றை இறுக்கினேன், முழங்கையைக் கொஞ்சம் மடக்கினேன், எழுந்தேன். தோள் இருந்த இடத்தில் இருந்தது. முழங்கால் சரியாக இருந்தது. கண்ணாடி இல்லாமலே அது எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஆனால் பிள்ளையின் எடை மணல் பை அளவுக்குக்கூட இல்லை. ஏன் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு கையால் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்து, தன் பாரத்தை அதில் தாங்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

“விட்டுடு கண்ணு, அம்மா பிடிச்சிருக்கேன்” என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினாள். கையை விடவில்லை.