சந்தனத்துக்குக் கீழே அரைக்கட்டை

1

இக்கதை ஒரு சந்தனப் பொட்டிலிருந்து பிறந்தது. தொண்ணூற்றாறில், ராயப்பேட்டையில் பழைய வாத்தியங்கள் விற்கும் ஷரீஃபின் கடையில் ஒரு ஜப்பான் கீபோர்டைக் கண்டேன். எண்கள் ஒளிரும் அதன் சிறு திரையைக் காய்ந்த சந்தனம் முழுதும் மூடியிருந்தது.

"சொரண்டாதீங்க சார், ஸ்க்ரீன் போயிடும். பூஜைல வச்சிருந்தாங்களாம்," என்றார் ஷரீஃப்.

மற்றவை யாவும் என் கற்பனை.

2

முதலில் எழுதியது: 'யாழின் வழித்தோன்றலாய் வந்த இவ்வாத்தியம்—'

வேண்டாம். யாழுக்கு நரம்பு உண்டு; இதற்கு மின்சாரம்.

ஏசுராஜ் பட்டினப்பாக்கத்தான், மாதாகோயிலிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் கீபோர்டு வாசிப்பவன். கடற்காற்றின் உப்புக்கு அஞ்சி வாத்தியத்தை ராஜா அண்ணாமலைபுரத்தில், தன் குழுவில் பாடும் ஹம்சாவின் வீட்டில் வைத்திருந்தான். ஹம்சாவின் சுருதி ஐந்தரைக் கட்டை*. அவள் பெருமையும் அதுவே. ஆடியில் டைபாய்டு கண்டு எழுந்தபின் குரல் அங்கே எட்டவில்லை. பாட்டையே விட்டுவிடுவதாகச் சொன்னாள்.

கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. விரல் அதே இடத்தில் இருக்க, வாத்தியம் முழுவதும் சுருதி இறங்கும். ஏசுராஜ் அவளறியாமல் ஒருமுறை அழுத்தினான். அவள் கண் கண்டது ஐந்தரை. காது கேட்டது ஐந்து. ஒரு பதிகத்தை முழுதாகப் பாடி முடித்து அழுதாள். அணைத்தாலும் உள்ளிருக்கும் பேட்டரி அந்த இறக்கத்தை மறவாது. திரையில் மட்டும், அரைக்கட்டை இறக்கத்துக்கு அடையாளமாக, '−1' என்று நின்றது.

சரஸ்வதி பூஜையன்று சந்தனம் அதை மறைத்தது. பூஜையில் இட்ட பொட்டை அவ்வீட்டில் யாரும் துடைப்பதில்லை.

(* கட்டை: சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண். கூடினால் குரலும் ஏறவேண்டும்.)

3

மார்கழியில் பாட ஆளெடுக்கும் தேர்வு, தியாகராய நகர்ச் சபை ஒன்றில். அதற்கு முந்தைய நாள்:

"அவாளோட சுருதிப்பெட்டிதான். அஞ்சரைன்னு சொல்லிடறேன்," என்றாள் ஹம்சா.

"அஞ்சுன்னு சொல்லேன்க்கா. அவங்க பொட்டி இன்னா லட்சணத்துல கீதோ."

"எதுக்கு? ஆத்துல தினம் பாடிண்டுதானே இருக்கேன்."

"பாடிக்கினுதான் கீற." ஏசுராஜ் கீபோர்டைப் பார்க்கவில்லை.

"உங்க கோயில்ல ஊரே ஒரே கட்டைல கத்துவேள். உனக்கென்ன தெரியும்?"

அவன் சிரித்தான். சிரித்துவிட்டதால் சொல்லும் தருணம் போயிற்று.

4

முடிவுகள்.

அ) தேர்வன்று வாசலில் உண்மையைச் சொல்கிறான். குரலோடு நட்பும் போகிறது.

ஆ) சொல்லவில்லை. மேல் ஸ்தாயியில் அவள் குரல் உடைய—

இ) இறையருளால் குரல் ஏறிவிடுகிறது. நாள்தோறும் பதிகம் ஓதுபவன் நான். இருந்தும் இதை எழுதக் கை வரவில்லை.

[ஒரு திருத்தம். 'ஏசுராஜ் திரையின்மேல் சந்தனம் தீற்றினான்' என்றே முதற்படியில் எழுதியிருந்தேன். அது நடவாது. அந்த வீட்டுப் பூஜையில் சந்தனம் இடுவது ஹம்சா மட்டுமே. மேலே எவ்வளவோ வெற்றிடம் இருக்க, அவள் விரல் அந்தச் சிறு திரையைத் தேடிப் போயிருக்கிறது. ஓரத்தில் ஓர் எண்ணும் தெரியாதபடி மூடியிருக்கிறது.]

ஆகவே, அவள் அறியாள் என்று நம்பி எழுதிய மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன்.

5

சபை. ஏசுராஜ் கதவருகே நிற்கிறான். ஹம்சா அமர்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிறாள்.

"எத்தனை கட்டைம்மா?" என்கிறார் சுருதிப்பெட்டிக்காரர்.

அவள் ஏசுராஜை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள்.

அந்த எண்ணுக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பெட்டியின் திருகில் அவர் விரல் காத்திருக்கிறது. வாசகரே, நிரப்புங்கள்: