தலை பிக்கெட்டில், கால் டன்மோரில்

தன் கொள்ளுப்பாட்டி லிடியா இரண்டு மாவட்டங்களில் பிறந்தவள் என்பது ஆர்டித்தின் கட்சி. தலை பிக்கெட் மாவட்டத்தில் வெளியே வந்ததாம். கால் வருவதற்குள் வீடு கிளம்பி டன்மோர் மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டதாம். அடுப்பு அணையவில்லை, அதன் மேலிருந்த காப்பிக் கெண்டியிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிய காலமெல்லாம் ஆர்டித் இதைப் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். டன்மோரில் இன்று நரைத்திருக்கும் தலைகளில் பாதி அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவை. ஒரு தலைகூட நம்பியதில்லை.

நம்பாதவர்களிலும் தலைமைப் பீடம் நீவா ஹாவர்காம்ப்புக்கு. ஆர்டித்தின் முன்னாள் நாத்தனார். கல்யாணமே செய்துகொள்ளாமல் எண்பது வயது வரை வைராக்கியத்தை ஊறவைத்து வைத்திருப்பவள். அவள் ஒரு தடவை முறைத்ததில் சோளக்காட்டின் ஓரத்து வரிசை முழுக்கக் கருகிவிட்டது என்று ஆர்டித் சொல்வாள். அது வறட்சியால் கருகியது என்று சொன்னவர்களும் உண்டு.

மே மாதம் லூத்தரன் தேவாலயத்து அடித்தளக் கூடத்தில் முன்னோடிக் குடும்பங்கள் குழு கூடியது. தலைவி நீவா. செயலாளர் மெல்வின் ஓடெகார்ட், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். குழுவின் விதி ஒன்றே ஒன்றுதான். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது முடிவதற்குள் தன் முன்னோர் டன்மோரில் குடியிருந்தார் என்று அரசாங்கக் காகிதத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டும். அயோவா மாநிலமே அப்போது நாலு வயதுக் குழந்தை. நிரூபித்தவர்களுக்குச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதைவிடப் பெரிய பேறு, குன்றின் மேலிருக்கும் முன்னோடிகள் கல்லறையில் இடம். வழிவந்தவர்களும் அவர்களுடைய சட்டப்படியான துணையும் மட்டுமே அங்கே படுக்கலாம்.

ஆர்டித் சட்டப்படியான துணையாக இருந்தவள்தான். இப்போது இல்லை.

"காகிதம் இருக்கா?" என்றாள் நீவா.

"எங்க அம்மா சொன்னது இருக்கு."

"உங்கம்மா முத்திரை குத்திக் குடுத்தாங்களா? வயித்துக்குள்ள இருக்கும்போதே வரைபடத்தைப் பாத்துப் பாத்து வெளிய வந்தாளா உன் லிடியா?"

மெல்வின் இருமினார். எந்தப் பக்கமும் சேராமலிருக்க அவர் கண்டுபிடித்த இருமல் அது.

"நீவா, எனக்கு உன் சுவத்துச் சான்றிதழ் வேண்டாம். வெர்ஜில் பக்கத்துல இருக்கற காலி இடம் வேணும். அவன் எனக்குன்னுதான் வாங்கிப் போட்டான்."

"என் தம்பி உன்னை அறுத்துவிட்டு முப்பது வருஷம் ஆச்சு. உசுரோட இருந்தப்ப ஒரு நாள் நிம்மதி குடுக்கலை. மண்ணுக்குள்ளயும் போய்த் தொணதொணக்கணுமா?"

"ஆமா. பாதிப் பேச்சுல போயிட்டான். மிச்சம் இருக்கு."

அது உண்மை. விவாகரத்துக்குப் பிறகும் வெர்ஜில் தினமும் காலையில் சாலையைக் கடந்து வந்து, ஆர்டித்தோடு சண்டை போட்டு, அவள் கையால் காப்பி குடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போவான். போன அக்டோபரில் தொழுவத்துக் கதவைத் திறந்து போட்டது யார் என்று வாதம். "நீதான்" என்று சொன்னவன் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டான். பதில் சொல்லத் திறந்த வாயை ஆர்டித் இன்னும் மூடவில்லை என்று ஊரில் பேச்சு. அவளுடைய வீட்டில் அதற்குப் பிறகு ஒவ்வொரு காலை நேரமும் ஒரு வார நீளமாகிவிட்டது. அந்த நீளத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அடுத்த மாசக் கூட்டத்துக்குள்ள காகிதம் கொண்டு வா," என்றாள் நீவா. "இல்லேன்னா அந்த இடம் எனக்கு. கல்லுல என் விவரம் பாதி வெட்டியாச்சு."

"எந்தப் பாதி? பிறந்த தேதியா?"

"உனக்கு நிமிர்ந்து நிக்கற கல்லே கிடையாதுடி. ஊர்க் கோடியில புதுக் கல்லறை இருக்கு. புல் வெட்டற இயந்திரத்துக்குத் தோதா எல்லாம் தரைமட்டம்."

ஆர்டித் எல்லோருக்கும் என்று சுட்டுக் கொண்டுவந்த ருபார்ப் பை பலகாரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அயோவாவில் கூட்டத்துக்குக் கொண்டுபோன பலகாரத்தை யாரும் திருப்பி எடுத்துக்கொண்டு போவதில்லை. அது போர்ப் பிரகடனம். மெல்வின் கையில் முள்கரண்டியோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாளிலிருந்து நூலகமே கதி. குடிக்கணக்கைப் படமெடுத்து வைத்த சுருள், வரிப் பட்டியல், நிலப் பட்டா என்று எதை உருட்டினாலும் எஸ்ரா டட்டிலின் பெயர் இல்லை. லிடியாவின் அப்பா அவர், ஆர்டித்துக்கு எள்ளுத்தாத்தா. பட்டியலில் அவர் இல்லாததற்குக் காரணம் ஆர்டித்துக்கு நன்றாகவே தெரியும். புத்தாண்டுக்கு வீடு எந்த மாவட்டத்தில் நிற்கிறதோ அந்த மாவட்டத்துக்குத்தான் வரி. டன்மோர்க்காரர்கள் வருஷத்தின் முதல் வாரம் வருவார்கள், பிக்கெட்காரர்கள் இரண்டாம் வாரம். எஸ்ரா என்ன செய்தார், ஓரறை வீட்டுக்கு அடியில் இரண்டு ஓக் மரங்களைச் சறுக்குக் கட்டையாக வைத்தார். டன்மோர் அதிகாரி வரும்போது வீட்டைக் காளை பூட்டிப் பனியில் இழுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார், பிக்கெட் அதிகாரி வருவதற்குள் இந்தப் பக்கம். நிலத்துக்குப் பட்டா வாங்கினால் பெயர் எழுதுவார்கள் என்று பட்டாவும் வாங்கவில்லை. கோடையில் குடிக்கணக்கு எடுக்க வந்தவரை வரி அதிகாரி என்று நினைத்து, குடும்பத்தோடு சோளக்காட்டில் ஒளிந்துகொண்டார். ஜூனில் சோளம் முழங்காலுக்குக்கூட வராது. எல்லோரும் படுத்துக்கொண்டார்கள்.

இப்படி எல்லாப் பட்டியலுக்கும் தண்ணி காட்டிய மனிதருக்குப் பேத்தியின் பேத்தி ஒருத்தி வந்து கல்லறைக்கு இடம் கேட்பாள் என்று தெரியவா போகிறது.

நீவா தினமும் எதிர் மேசையில் வந்து உட்கார்ந்தாள். வேலை ஒன்றும் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான்.

"அகப்பட்டாரா உன் தாத்தா?"

"வந்துக்கிட்டே இருக்கார்."

"வீட்டோடயா?"

மூன்றாவது வாரம் ஆர்டித்துக்குப் பொறுமை போய்விட்டது. நான் உள்ளே நுழைய முடியாவிட்டால் அவளை வெளியே இழுத்துப் போடுகிறேன் என்று முடிவு கட்டினாள். முன்னோடிக் குடும்பங்களின் விண்ணப்பங்கள் எல்லாம் அந்த நூலகத்தின் அலமாரியில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தன. ஹாவர்காம்ப் கோப்பை எடுத்தாள். நீவாவின் கொள்ளுத்தாத்தா கெர்ஹார்டுக்கு ஆதாரம் ஒரே ஒரு காகிதம்தான். கிராம நீதிபதியின் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதாம் வருஷத்து வழக்குப் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல். "இம்மாவட்டத்தில் குடியிருக்கும் சாலை மேற்பார்வையாளர் கெர்ஹார்ட் ஹாவர்காம்ப் ஆஜராகி சத்தியம் செய்து..." என்பதோடு நகல் நின்றிருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

வம்ச ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. தன் குடும்பப் பெயர் எங்கே முடிகிறதோ அங்கே வாசிப்பும் முடியும். மீதியை ஒரு வெள்ளைத் தாளால் மூடிவிட்டு நகல் எடுப்பார்கள். அடுத்தவன் தாத்தாவுக்கு எதற்கு மை செலவு.

ஆனால் சாலை மேற்பார்வையாளர் நீதிபதி முன்னால் எதற்குச் சத்தியம் செய்யப் போகிறார்? திருடியிருப்பார், ஆர்டித்துக்குச் சந்தேகமே இல்லை. குதிரைத் திருட்டு என்றால் உத்தமம். பன்றியானாலும் பாதகமில்லை.

நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறைக் காவலர் அவளை வரவேற்ற விதம் நீவாவுக்குத் தோழனோ என்று எண்ண வைத்தது.

"நாலு மணிக்குப் பூட்டிடுவேன்."

"இப்ப ரெண்டுதானே ஆகுது."

"அதான் முன்னாடியே சொல்றேன்."

மேசையளவு பதிவேட்டைத் தூக்கிவந்து தொப்பென்று போட்டார். எழுந்த தூசியில் அரை மணி நேரம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பக்கத்தைக் கண்டுபிடித்ததும் ஆர்டித் நீவாவின் பாதியைத் தாண்டிக் கீழே படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். காவலர் ஓடிவந்து பார்த்தார். மேல்மாடியில் நடந்துகொண்டிருந்த ஒரு சொத்து வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டது என்கிறாள் ஆர்டித். முழுப் பக்கத்துக்கும் முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

ஜூன் கூட்டத்துக்குக் கூடத்தில் நிற்க இடமில்லை. சண்டை என்று கேள்விப்பட்டு பிக்கெட்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஆர்டித் நகலை நீவா முன்னால் வைத்தாள்.

"என்ன இது? இது எங்க குடும்பக் காகிதமாச்சே."

"படி. சத்தமா."

நீவா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கெர்ஹார்டின் பெயர் வந்த இடத்தில் குரல் நிமிர்ந்தது. வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டுத் தலை தூக்கினாள்.

"நிறுத்தாதே," என்றாள் ஆர்டித். "உன் தாத்தா இன்னும் பேசி முடிக்கலை."

நீவா படித்தாள். "...சத்தியம் செய்து சொன்னதாவது: ஜனவரி மாதம் எல்லைச் சாலையின் குறுக்கே எஸ்ரா டட்டிலின் வீடு நின்றுகொண்டு வண்டிகளை மறித்தது. அவர் வெளியே காளைகளைப் பிடித்திருந்தார். அறிவிப்பைக் கொடுக்க நான் வீட்டுக்குள் போனேன். அவர் மனைவி மஹாலா பிரசவ வலியில் இருந்தார். வேறு பெண்கள் யாரும் இல்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைப் பிடி என்று அந்த அம்மாள் எனக்கு உத்தரவிட்டார்..."

குரல் தேய்ந்தது.

"பிடிச்சாரா?" என்று பிக்கெட்காரன் ஒருவன் பின்னாலிருந்து கேட்டான்.

"பிடித்தேன்," என்று படித்தாள் நீவா. "கட்டில் அப்போது பிக்கெட் பக்கம் இருந்தது. குழந்தையின் தலை வெளியே வந்ததும் அம்மாள் போட்ட சத்தத்தில் காளைகள் மிரண்டு ஓடின. வீடு சாலையைத் தாண்டி டன்மோருக்குள் போய் நின்றது. மீதிக் குழந்தையை அங்கே வாங்கினேன். அடுப்பிலிருந்த காப்பி என் காற்சட்டையில் கொட்டியது. அதற்கு ஈடு வேண்டும்."

கூடம் மொத்தமும் ஆர்டித்தைப் பார்த்தது. நீவா முதலில் சுதாரித்துக்கொண்டாள்.

"காப்பி கொட்டியிருக்கு. ஒரு சொட்டு சிந்தலைன்னு நீ ஊரெல்லாம் சொன்னே."

"சரி, காப்பியை உனக்கு விட்டுக்குடுத்தேன். தீர்ப்பைப் படி."

தீர்ப்பில் எஸ்ரா டன்மோர் மாவட்டத்தவர் என்றும், இனிமேல் வீட்டைச் சாலையில் நிறுத்தக் கூடாது என்றும் இருந்தது. காற்சட்டைக்கு ஈடு மறுக்கப்பட்டிருந்தது.

"இது நம்பற மாதிரியா இருக்கு?" என்றாள் நீவா. முகம் பீட்ரூட்டாகியிருந்தது. "எங்க தாத்தா கண்ணியமான மனுஷர். தேவாலயத்து மணி அவர் குடுத்தது. ஊரான் பொண்டாட்டிக்கு அவரு ஏன் போய்... யாரோ குடிச்சிட்டு எழுதியிருக்காங்க."

"அப்ப பொய்ச் சத்தியமா?" என்றாள் ஆர்டித். "நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரே மனுஷன், ஒரே பக்கம். மேல் பாதியில சத்தியவான், கீழ்ப் பாதியில புளுகனா?"

மெல்வின் இந்தத் தடவை இருமவில்லை. "அது வந்து நீவா, உங்க குடும்பத்துக்கு ஆதாரம்னு இருக்கறது இந்த ஒரு பக்கம்தான். இது பொய்னு குழு முடிவு பண்ணினா கெர்ஹார்டும் இல்லை. அவர் இல்லைன்னா, உனக்கும் அந்தக் குன்று கிடையாது. வெர்ஜிலைக்கூட அங்கேருந்து எடுத்து..."

"தரைமட்டக் கல் நல்லாயிருக்கும்னு நீதானே சொன்னே," என்றாள் ஆர்டித். "புல் வெட்ட வசதி."

நீவா குனிந்துகொண்டாள். அந்தக் காகிதத்தை மறுபடி மேலிருந்து படித்தாள். இந்தத் தடவை உதடு மட்டும் அசைந்தது. நாற்பது வருஷம் அந்தப் பக்கத்தின் பாதியைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தவள் மீதிப் பாதியை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். காற்சட்டை வரி வந்ததும் அவளுடைய மூக்கு துடித்தது. அது கோபமா வேறெதுவுமா என்று ஆர்டித்தால் சொல்ல முடியவில்லை. சிரிப்பாக இருக்க வாய்ப்பில்லை, ஹாவர்காம்ப்புகள் யாரும் சிரித்து அவள் பார்த்ததில்லை, வெர்ஜிலைத் தவிர.

"அந்த இடத்துக்கு நீ என்னிக்குப் போகப் போறே?" என்று கேட்டாள் நீவா, தலை நிமிராமலே.

"உன்னை வழியனுப்பிட்டுத்தான்."

"எனக்கு அவனோட இன்னொரு பக்கம் குடுத்துடு. வேலி ஓரமா இருந்தாலும் பரவாயில்லை. நீ பேசறது என் காதுல விழக் கூடாது."

"சத்தமாத்தான் பேசுவேன்."

"தெரியும்." நீவா கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். "உன்னை எனக்கு இன்னும் பிடிக்கலை, ஆர்டித். செத்தாலும் பிடிக்காது."

"எனக்கும் அதே."

மெல்வின் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கூடத்தில் காப்பி இயந்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன எழுதட்டும், நீவா?"

அவள் ஆர்டித்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எழுதுங்க. தலை பிக்கெட்டுல, கால் டன்மோர்ல. எங்க தாத்தாதான் பிடிச்சார். நடந்திருக்கு."