ஆறாவது வரி

வாலுவின் டிசைன் கம்பெனியில் மொத்தம் ஐந்து பேர் என்று அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மையில் இருந்தது அவளும் ஒரு பழைய லேப்டாப்பும்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண்ணை நம்பிக் கடைக்குப் பெயர்ப்பலகை வரையச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால் வாடிக்கையாளர் போன் செய்தால், "எங்க டீம்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம் சார்" என்பாள். போனை மடியில் வைத்து இருபது வரை எண்ணுவாள். பிறகு எடுத்து, "டீம் சரின்னுட்டாங்க சார்" என்பாள். பொய் சொல்வதில் அப்படி ஒரு ஒழுங்கு.

"யாருடி அந்த டீம்?" என்று அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள். "இத்தனை மாசமா பேசற, ஒருத்தரையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வரக்கூடாதா?"

"எல்லாரும் பிஸிம்மா."

"நீ ஒருத்திதான் வெட்டியா? காலேஜுக்குக் கிளம்பு."

அங்கேதான் இடித்தது. டிசைன் வேலைக்காக அச்சகத்துக்கும் கடைகளுக்கும் அலைந்ததில் புள்ளியியல் வகுப்புக்கு எட்டு நாள் மட்டம். வருகை எழுபத்து மூன்று சதவீதத்தில் வந்து நின்றது. எழுபத்தைந்து இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. புள்ளியியல் பேராசிரியர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மன்னித்தால்தான் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கெடு. காரணம் என்ற கட்டத்தில் 'காய்ச்சல்' என்று எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, அவரிடம் நீட்டத் தைரியம் இல்லாமல் மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேராசிரியர் விசித்திரமான ஆள். மணி அடித்ததும் வருவார், கரும்பலகையைப் பார்த்து நிற்பார், மறுபடி மணி அடிக்கும்வரை திரும்ப மாட்டார். வருகைப் பதிவுகூட முதுகைக் காட்டிக்கொண்டுதான். ஒன்று, இரண்டு என்று மனப்பாடமாக எண்ணைக் கூப்பிடுவார், 'பிரசன்ட் சார்' என்று குரல் வரும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் குரல் கொடுத்து ஏமாற்றலாம் என்று நினைத்தவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். எழுபத்திரண்டு குரலும் அவருக்கு அத்துப்படி. வாலு நாற்பத்தொன்று.

முதுகு காட்டும் வாத்தியார் கிடைத்தது கடைசி பெஞ்சுக்கு யோகம். வாலு லேப்டாப்பை விரித்துவைத்து வகுப்பிலேயே வேலை பார்த்தாள். கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த கண்ணாடிக் கடைக்காரர்தான் அவளுடைய முதல் பெரிய வாடிக்கையாளர். பெயர்ப்பலகை, நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் அவள் கைக்கு வந்திருந்தது. போன வாரம் இன்னொன்றும் கேட்டார். மூக்குக் கண்ணாடிக்கு வருகிறவர்கள் கையில் பிடித்துப் படித்துப் பார்க்க ஓர் அட்டை. ஆறு வரி. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து.

டிசைன் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம். வாசகம் வருவதற்கு முன்னால் வாயில் வந்ததைப் போட்டு இடத்தை நிரப்புவார்கள். எழுத்தின் அளவும் இடைவெளியும் சரியானபின் நிஜ வாசகத்தை வைப்பார்கள். வாலுவும் கண்ணுக்கு எதிரே இருந்ததைத் தட்டினாள். கண்ணுக்கு எதிரே இருந்தது பேராசிரியரின் முதுகு. தட்டி முடித்துக் கடைக்காரருக்கு அனுப்பினாள்: 'அளவு மட்டும் பாருங்க சார், வாசகம் அப்புறம் மாத்தறோம்.' அதோடு மறந்தும் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பெயர்ப்பலகைக்கான வண்ண மாதிரிகளை எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். பரிசோதனை நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அந்த முதுகைப் பார்த்ததும் வாலு அங்கேயே நின்றுவிட்டாள். இரண்டு வருஷமாகப் பார்த்த முதுகு, தெரியாமலா போகும்!

"காலேஜ் சுவர்ல உங்க நோட்டீஸைப் பாத்தேன்" என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆசிரியர்களுக்குத் தள்ளுபடின்னு போட்டிருந்தீங்க. அவ்வளவு தூரத்துலேர்ந்தே பளிச்சுனு தெரிஞ்சுது. அதான் வந்தேன்."

அந்த நோட்டீஸையும் வாலுதான் போட்டிருந்தாள். தன் வேலை இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கடைக்காரர் வில்லைகளை மாற்றிப் பார்க்கும் வட்டச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினார். கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு, அச்சடித்தே விட்டிருந்தார் மனுஷன்! வாலு அனுப்பிய, வாசகம் மாற்றாத அதே அட்டை. கடைக்காரர் படித்துப் பார்க்கவே இல்லையா? எப்படிப் படிப்பார்? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டும் அவர், தனக்கு வயசாகிவிட்டதாகத் தெரிந்துவிடும் என்று கண்ணாடியே போடுவதில்லை. இரண்டு வரிக்கு மேல் அவர் போயிருக்கவே மாட்டார்.

"படிங்க சார்."

"இன்று புள்ளியியல் வகுப்பு." பேராசிரியர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம பாடம்! வகுப்பில் எழுபத்திரண்டு பேர் இருக்கிறோம். அதுக்குக் கீழ தெரியல."

கடைக்காரர் ஒரு வில்லையை மாற்றினார். தெரியாமலே இருக்கட்டும் என்று வாலு வேண்டாத தெய்வமில்லை.

"ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்."

இன்னொரு வில்லை.

"கரும்பலகைக்கு எல்லாம் புரிந்துவிட்டது." அவர் குரல் இறங்கியது.

"அருமை சார்! இன்னும் ஒண்ணு" என்று கடைக்காரர் உற்சாகமாக அடுத்ததை மாட்டினார்.

"எங்களுக்குப் புரியவில்லை என்பது திரும்பிப் பார்த்தால் தெரியும்." பேராசிரியர் அட்டையைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். ஆறாவது வரியைச் சத்தமாகப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அது வாலுவுக்கு மனப்பாடம்: 'எங்கள் முகம் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது, பாவம்.'

"நல்லா அமைஞ்சுதா சார்?" என்றார் கடைக்காரர். "நம்ம டிசைன் கம்பெனி செஞ்சது. அஞ்சு பேர் டீம்! இதோ நிக்குதே, இந்தப் பொண்ணு அவங்க ஆளுதான்."

பேராசிரியர் திரும்பினார். படிக்கிற வில்லை வழியே தூரத்தில் நிற்பவள் கலங்கலாகத்தான் தெரிந்திருப்பாள். "கிட்ட வாம்மா" என்றார். வாலு ஆடு திருடினவள் மாதிரி முழித்துக்கொண்டு இரண்டடி வைத்தாள். அவர் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்பாடா! வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டு வெளியே போனால் தப்பித்தாள். குரல் கொடுத்தால்தான் வம்பு.

"ரெண்டு வருஷமா நோட்ஸ்ல இருக்கற எழுத்தே தெரியல" என்று பேராசிரியர் அட்டையைப் பார்த்தபடியே சொன்னார். "பசங்களைப் பாத்து நின்னா, நோட்ஸைப் பாத்துச் சொல்லணும். தடுமாறினா சிரிப்பாங்க. போர்டைப் பாத்து நின்னா மனசுல இருக்கறதை எழுதிட்டே போயிடலாம். எழுதினவங்க யாருன்னு தெரியல, ஆனா சரியாத்தான் எழுதியிருக்காங்க. ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது."

வாலு அந்த அட்டையைப் பார்த்தாள். கிண்டல் என்று நினைத்து எழுதியது அந்த மனுஷரின் மடியில் போய் இப்படி விழும் என்று யார் கண்டார்கள்? பரீட்சை போனால் போகட்டும் என்று அவளுக்கு ஒரு வேகம் வந்தது.

"பிரசன்ட் சார்" என்றாள்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "நாப்பத்தொண்ணா?"

"ஆமா சார். நான்தான் எழுதினேன். சும்மா இடம் நிரப்பத்தான் போட்டேன். மன்னிச்சிருங்க சார்."

"ஸ்டூடன்டா?" என்று கடைக்காரர் வாயைப் பிளந்தார். "அப்ப மீதி நாலு பேர்?"

"அவங்களும் நான்தான் சார்."

கடைக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? வாலு பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர் புது வில்லை வழியே காரணத்தைப் படித்தார். "எட்டு நாளும் காய்ச்சலா?"

அவள் படிவத்தைத் திரும்ப வாங்கி, 'காய்ச்சல்' என்பதை அடித்துவிட்டு 'வேலை' என்று எழுதினாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்று, "அந்த அட்டையை மாத்திடாதீங்க" என்றார் கடைக்காரரிடம். "அடுத்த வரி என்னன்னு பாக்காம ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க."

"அஞ்சு பேரு பண்ண வேண்டியதை ஒருத்தியே பண்ணியிருக்க" என்று கடைக்காரர் அவர் போனபின் முணுமுணுத்தார். "பலகையைக் காட்டு, பாப்போம்." கோபமா பாராட்டா என்று வாலுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று ராத்திரி முழுக்க அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பேராசிரியர் புதுக் கண்ணாடியோடு வந்தார். மேஜையில் நோட்ஸை விரித்தார். கண்ணாடிக்கு மேலாக எழுபத்திரண்டு பேரையும் பார்த்து நின்றார். வகுப்பு அரண்டுபோனது. தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்தான். எண்ணைக் கூப்பிட்டு, குரல் வந்த பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பதிவை முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. நாற்பத்தொன்று வந்தபோது வாலுவின் லேப்டாப் மூடியிருந்தது.

மணி அடித்ததும் அவளைக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுத்தார். கீழே கையெழுத்து இருந்தது. வாலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் ஆறு வரி எழுதியிருந்தார், மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சின்னதாக. ஐந்து வரியைப் படித்துவிட்டாள்: வேலை நல்ல காரணம். நோட்டீஸ் நன்று. பொய் நன்றன்று. முதல் பெஞ்சுக்கு மாறவும். லேப்டாப் பையிலேயே இருக்கட்டும்.

ஆறாவது வரி எறும்புத் தலையளவு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. ரோட்டைத் தாண்டிக் கண்ணாடிக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

'உன் முகம் எனக்குத் தெரியும். இனி நீ வராவிட்டால், வகுப்பு குறையாகத் தெரியும்.'

வாலு அதை இரண்டு தடவை படித்தாள். அப்போது பார்த்துப் போன் அடித்தது. புது வாடிக்கையாளர், பேக்கரி வைத்திருப்பவர், திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து பேச முடியுமா என்று கேட்டார். டீமில் கேட்டுச் சொல்வதாகச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

"பத்து மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு சார்" என்றாள். "நாலு மணிக்கு வரேன். நான் ஒருத்திதான் வருவேன்."