ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்கள்

கப்பலில் ஏறிய மூன்றாம் நாள் காலை, என் மகள் எங்களை மேல்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சறுக்குகள் அங்கேதான் இருந்தன. ஒன்றா இரண்டா, ஏழு. மஞ்சளும் நீலமும் பச்சையுமாகக் குழாய்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நின்றன. அதில் ஒன்று கப்பலின் விளிம்பைத் தாண்டி வெளியே போய், கடலுக்கு மேலே வளைந்து, திரும்ப உள்ளே வந்தது. சும்மா கிடக்கிற உயிரை எதற்கு இப்படி ஆட்டிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மகளோ பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தொன்று.

இந்தப் பயணமே அவள் எங்களுக்காக ஏற்பாடு செய்தது. சனிக்கிழமை கப்பல் கரைக்குத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை அவள் விமானம் ஏறி, வேறொரு நாட்டுக்கு இரண்டு வருட வேலைக்குப் போகிறாள். இதே வேலையை இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னவள். முதல் முறை அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். இரண்டாம் முறை, ஆபரேஷன் முடிந்த அப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். மூன்றாவது முறையும் கூப்பிட்டார்கள். நான்காவது முறை எவன் கூப்பிடுவான்?

வயிற்றில் இருந்த கட்டி திரும்ப வந்துவிட்டது. இந்த முறை ஈரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இனிமேல் வெட்டவும் முடியாது, மருந்து ஏற்றினாலும் உடம்பு தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "பாப்பா பிளைட் ஏறுற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது" என்பதுதான். நானும் தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டிய தலையை அறுத்துப் போட்டால் என்ன என்று இப்போது தோன்றுகிறது.

எங்களுக்குப் பழைய பேப்பர் கடை. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே மூட்டை. தொண்ணூற்றாறு கிலோ இருந்த மனுஷன். கட்டுக்கட்டாகப் பேப்பரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாயில் பாட்டோடு நடப்பார். அந்த மூட்டை அவிழ்ந்து நாற்பத்துமூன்று கிலோ ஆகிவிட்டது. மகள் வேலை பார்ப்பது வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, "அப்பா, எடை போட்டோ அனுப்புங்க" என்பாள். அவர் வீட்டுத் தராசில் ஏறி நிற்பார். நான் பின்னால் நின்று என் குதிகாலைத் தராசின் ஓரத்தில் வைத்து அழுத்துவேன். முள் ஐம்பத்தேழைத் தொட்டதும் "போதும்" என்பார். முள்ளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்.

இந்த வேலையை எனக்கு யாரும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பழைய பேப்பரை வாங்குகிற காகித ஆலைக்காரன் லாரியோடு வந்து கட்டுகளை எடை போடும்போது, தராசுப் பலகையின் ஓரத்தில் என் கால் இருக்கும். இருபத்தெட்டு வருஷம் அந்தக் கடையில் நின்ற கால். பத்துப் பதினைந்து கிலோ கூட்டுவது அதற்குத் தண்ணிபட்ட பாடு. எங்கள் தொழிலில் எடை என்பது பேசிக்கொள்கிற விஷயம், அவ்வளவுதான். அவன் ஒன்று சொல்வான், தராசு ஒன்று சொல்லும், நாங்கள் ஒன்று சொல்வோம். எடை பொய்யானால் யாருக்காவது உடம்பில் அடிபடும் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை.

கப்பலில் இரண்டு நாளை எப்படியோ ஓட்டிவிட்டோம். சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை நிறைத்துக்கொண்டு வருவார், மகள் அந்தப் பக்கம் திரும்பும்போது என் தட்டில் தள்ளிவிடுவார். அவர் பங்கையும் சேர்த்துத் தின்று நான் பெருத்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள்தான் தண்ணீர் வந்து எங்கள் கதையைக் கெடுத்தது.

முதலில் அப்பாவும் மகளுமாக ஒரு ரப்பர் மிதவையில் உட்கார்ந்து மஞ்சள் குழாயில் வந்தார்கள். அது குழந்தைகளும் போகிற சறுக்கு. கீழே குளத்தில் வந்து விழுந்தபோது அவர் சிரித்த சிரிப்பை நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. எழுந்து நின்றார். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பனியனும் ஒட்டிக்கொண்டன. மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தோள்பட்டை எலும்பையே பார்த்தாள்.

"அப்பா, என்ன இப்படி இளைச்சிருக்கீங்க?"

"தண்ணி பட்டா எல்லாரும் இளைச்ச மாதிரிதான் இருப்பாங்க. உங்கம்மாவ வேணா நனைச்சுப் பாரு. அவ ஒருத்திதான் விதிவிலக்கு."

"விளையாடாதீங்கப்பா. போன வாரம் ஐம்பத்தேழுன்னு அனுப்புனீங்க."

"ஆமா. இப்பவும் அதேதான்."

"சரி, அப்போ வாங்க. அந்த நீலக் குழாய்ல எடை பாத்துட்டுத்தான் விடறாங்க. பாத்துடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். கடையில் ஆலைக்காரன் வரும்போது பார்க்கிற அதே பார்வை. நானும் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

நீலக் குழாய் பெரியவர்களுக்கானது. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று எண்ணியதும் காலுக்குக் கீழே தரை திறந்துகொள்ளும். ஆள் நேராகக் கீழே விழுந்து, அந்த வேகத்திலேயே ஒரு வளையத்தில் மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி வெளியே வந்துவிடுவார். படிக்கட்டின் அடியில், தரையோடு தரையாக ஒரு எடைப் பலகை. சுவரில் சிவப்பு எழுத்தில் பெரிதாக எடை தெரியும். பக்கத்தில் ஒரு அறிவிப்பு: ஐம்பது கிலோவிலிருந்து நூற்று முப்பது கிலோ வரை. அதை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகவே பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் ஏறிவிடாமல் இருக்க ஐம்பது என்று போட்டிருக்கிறார்கள் என நினைத்தேன். பாரம் கூடினால்தானே எதுவும் உடையும்? குறைந்தால் என்ன ஆகிவிடும்?

மகள் ஏறினாள். அறுபத்தொன்று. எடை பார்க்கிற பெண் அவள் மணிக்கட்டில் பச்சைப் பட்டை ஒன்றைக் கட்டினாள். அடுத்து அவர் ஏறினார். அவருடைய சட்டையைப் பின்னால் இழுத்துவிடுகிற மாதிரி நான் நெருங்கி நின்றேன். மகள் வாங்கிக்கொடுத்த கவுன் தரையைப் பெருக்குகிற நீளம். அதற்குள் என் குதிகாலைப் பலகையில் ஊன்றினேன். நாற்பத்துநான்கில் ஆடிக்கொண்டிருந்த எண் ஐம்பதைத் தாண்டி மேலே போய் நின்றது. ஐம்பத்தேழு, புள்ளி இரண்டு. என் கால் எனக்கே துரோகம் செய்யும் அளவுக்குத் துல்லியம்.

மகளின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நான் வேற பயந்தே போய்ட்டேன்பா" என்று அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். அவர் மணிக்கட்டில் பட்டை ஏறியது. அது வழுக்கி முழங்கை வரைக்கும் போனது, அதை யாரும் கவனிக்கவில்லை.

"நான் முதல்ல போய்டறேன். கீழ நின்னு உங்கள போட்டோ எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் படியில் ஓடினாள்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "என்னங்க, எடைதான் பாத்தாச்சே. தலை சுத்துதுன்னு சொல்லிட்டு வாங்க, ரூமுக்குப் போயிடலாம்."

"ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்துடறேனே. இனிமே எங்க?"

கையை விட்டுவிட்டேன்.

அவர் படி ஏறுவதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, கடலை வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டார். அதற்குள் மகள் சறுக்கி வந்து, தலைமுடியைப் பிழிந்துகொண்டு, என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள். கூண்டுக்குள் அவர் நிற்பது தெரிந்தது. கைகளை மார்பில் கட்டியிருந்தார். எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டிய கையில் ஒரு விரலை மட்டும் ஆட்டினார்.

தரை திறந்தது. ஆள் இல்லை.

குழாய் லேசாக வெளிச்சம் புகுகிற நீலம். உள்ளே போகிறவரின் நிழல் தெரியும். அந்த நிழல் விழுந்தது, வளையத்தில் ஏறியது, பாதிக்கும் மேலே போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு வந்த வழியே கீழே வழுக்கியது.

வெளியே வருகிற வாயில் தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. மகள் இன்னும் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். "என்னம்மா, அப்பா உள்ளயே உக்காந்துட்டாரா?" என்றாள். அப்போதுதான் எங்கோ ஒரு மணி விட்டு விட்டு அடித்தது. தண்ணீர் நின்றது. எடை பார்க்கிற பெண் பலகையையும் பட்டைப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். வேகம் பத்தாமல் போனால், வளையத்தைத் தாண்ட முடியாமல் ஆள் குழாயின் அடிப்பள்ளத்தில் மாட்டிக்கொள்வாராம். அதற்குத்தான் ஐம்பது. இதை எனக்கு அப்புறம் யாரோ சொன்னார்கள்.

பள்ளத்தின் பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தது, அதை ஒட்டி ஒரு இரும்பு மேடை. சறுக்கு ஆபரேட்டர் சாவியோடு ஏணியில் ஏறினார். அவருக்கு முன்னால் என் மகள் ஏறிவிட்டாள். கதவைத் திறந்ததும் ஆபரேட்டர் உள்ளே பார்த்து, எழுந்து வெளியே வரச் சொல்லிச் சைகை காட்டினார். மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாம் தாங்களாகவே எழுந்து, சிரித்துக்கொண்டே வெளியே வருவதுதான் வழக்கமாம். இவர் வரவில்லை. ஒரு கை மட்டும் கதவின் விளிம்பைப் பிடித்தது, வழுக்கி உள்ளே போனது.

மகள் ஆபரேட்டரைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். காலை அகற்றி ஊன்றினாள். ஐம்பத்தேழு கிலோவைத் தூக்க என்ன பலம் வேண்டுமோ அதை முதுகில் சேர்த்துக்கொண்டு, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தாள். அவர் அப்படியே வந்துவிட்டார். அவள் நினைத்த பாரம் அங்கே இல்லை. இழுத்த வேகத்தில் அவள் மல்லாந்து, இரும்புக் கம்பியில் முதுகு மோதி உட்கார்ந்தாள். அவர் அவள் மடியில் கிடந்தார். சட்டை மேலே ஏறி, விலாவில் தோல் மட்டும் தெரிந்தது. நெற்றியில் அடிபட்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் ஏணியில் தட்டுத்தடுமாறி ஏறினேன். மகள் கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் கையை, காலை, முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, தண்ணி வேகமா அடிச்சுதுல்ல, அதான் கொஞ்சம்..." என்று அவர் ஆரம்பித்தார்.

அவள் அவர் வாயைப் பொத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

பொத்திய கைக்குள்ளிருந்து அவர் எனக்குத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. அவர் கண்ணைக் காட்டினால் நான் காலை வைப்பேன், கண்ணைக் காட்டினால் காலை எடுப்பேன். அந்த ஒரு தடவைதான் நான் அவர் கண்ணுக்குக் கட்டுப்படவில்லை.

"மூணு மாசம்னாரு."

"எப்போ?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "ரெண்டு மாசத்துல நான் எத்தனை தடவ வீட்டுக்கு வந்தேன் தெரியுமா? ஒரே தடவ. அதுவும் ஒரு ராத்திரி. அப்பா நல்லாயிருக்காருன்னு நம்பி, ஷாப்பிங் போய்ட்டு இருந்தேன்மா."

"நீ போகணும்னுதான் பாப்பா..." என்றார் அவர். ஆபரேஷனுக்கு அழாத மனுஷன், டாக்டர் கையை விரித்தபோது அழாத மனுஷன், மகள் மடியில் கிடந்து சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார்.

நான் துண்டை நீட்டினேன். அவள் அதை வாங்கி அவருக்குப் போர்த்தினாள். அவரைப் பிடிக்க நான் கையை நீட்டியபோது, தோளால் என்னைத் தள்ளினாள். ஏணியில் இறக்க ஆள் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் விமானம் ஏறவில்லை. அவர் அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். மாத்திரை, கஞ்சி, துணி மாற்றுவது, உடம்பு துடைப்பது எல்லாம் அவள்தான். அவர் படுத்திருந்த அறையில்தான் தூங்கினாள். நான் ஒருநாள் தாங்க முடியாமல் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உனக்கு ரெண்டு மாசம் கெடச்சுதுல்ல" என்றாள்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.