படங்கு கட்டாத காலைகள்

இது எந்த மழைக்காலத்தில் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேட்டில் மண் சரிந்து பஸ் நின்றிருந்த வருடமா, அதற்கு அடுத்ததா என்பதில் குழப்பம் இருக்கிறது. கண்ணால் கண்டதும் பிறர் சொல்லக் கேட்டதும் கலந்து போய்விட்டன. நாயின் வால் நுனி வெள்ளை என்று ஞாபகம். அதுவும் தவறாக இருக்கலாம். கருப்பம்மாவின் படங்கு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பச்சை நிறம், ஒரு மூலையில் சிவப்பு நூல் தையல்.

தேயிலைச் செடி உடுப்பைக் கிழிக்காமலிருக்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த தார்ப்பாய்த் துண்டுதான் படங்கு. விடியலில் கருப்பம்மா அதை உதறிக் கட்டும்போது சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குக் கோச்சி எழுந்து வாசலில் நிற்கும்.

கோச்சி என்றால் இலங்கை மலைநாட்டில் ரயில். நாய்க்கு அந்தப் பெயரை வைத்தது பக்கத்து வீட்டு அழகையா. துரை பங்களாவில் எப்போதோ வளர்ந்த ஒரு குட்டைக்கால் நாயின் வழியில் வந்ததால் அதற்குக் கால்கள் நான்கு விரற்கடை, முதுகு மட்டும் நீண்டுகொண்டே போயிருந்தது. புருஷன் இறந்த பிறகு, லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஓர் அறையில் கருப்பம்மாவும் அதுவும்தான். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. நாயிடம்கூடப் பேசமாட்டாள். காலையில் இருவரும் பெரட்டுக்களத்துக்குப் போய், அன்றைய வேலை பிரித்துக் கொடுத்ததும் மலையேறுவார்கள். அவள் பறிப்பாள், அது செடிக்கடியில் படுத்திருக்கும். மாலையில் இறங்குவார்கள். அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் படங்கு சடசடத்தும் கோச்சி எழவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கியது. வயிற்றில் கை கொடுத்துத் தூக்கப் போனபோது, அதன் தொண்டையிலிருந்து அவள் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

அழகையா தன் முழங்கால் வலி மாத்திரையோடு வந்தார்.

"பாதி ஒடச்சுக் குடு. எனக்குக் கேக்குது, இதுக்குக் கேக்காதா?"

"வாயத் தொறக்க மாட்டேங்குதுண்ணே."

"நீ வளத்த நாயாச்சே. எப்படித் தொறக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. மாத்திரையை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, ஆட்டோ ஓட்டும் ஸாஹிருக்குப் போன் செய்தாள். அவன் வண்டியோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னீங்க. ஆளு யாருன்னு சொல்லலியேம்மா."

"ஏத்த மாட்டியா தம்பி?"

"ஏத்துறேன். சீட்ல மட்டும் ஏலாது. அது சீட்ல ஏறினா நான் வீட்ல ஏற முடியாது."

அழகையா சுவரிலிருந்த தட்டுப் பலகையைக் கழற்றினார். அதில் நாயைக் கிடத்தி ஆட்டோவின் தரையில் வைத்தார்கள். பண்டாரவளை போய்ச் சேரும்வரை ஸாஹிர் ஒரு பள்ளத்தில்கூட வண்டியை விழவிடவில்லை. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தான். "முட்டை ஏத்திக்கிட்டுப் போறேன், போய்யா" என்றான் ஸாஹிர்.

மிருக வைத்தியர் நபீலா நாயின் பின்னங்கால் விரல்களைக் கிள்ளிப் பார்த்தார். கோச்சி திரும்பி முறைத்தது. டாக்டர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"உணர்வு இருக்கு. முள்ளந்தண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அது பிதுங்கி நரம்பை அமுக்குது. நீண்ட முதுகு நாய்ங்களுக்கு வர்றதுதான். மனுசங்க மாத்திரை ஏதும் குடுத்தீங்களா?"

"வீட்ல இருக்கு. குடுக்கல."

"குடுத்திராதீங்க. வயித்துக்குள்ள ரத்தம் கசியும், சிறுநீரகம் போயிரும். நான் தர்றது மட்டும், நான் சொல்ற அளவு மட்டும். ஆனா பெரிய மருந்து இது இல்ல. படுத்துக் கெடக்கிறதுதான். சின்னக் கூடு ஒண்ணுல அடைச்சு வைங்க. படி ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது. வெளிக்கிருக்க நீங்கதான் தூக்கிட்டுப் போகணும், நெஞ்சுக்குக் கீழ ஒரு கை, பின்னால ஒரு கை, முதுகு வளையாம. கால் இழுபட்டாலோ மூத்திரம் நின்னாலோ ஒடனே வந்திருங்க."

கருப்பம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"இன்னொண்ணு. மருந்து போட்டா வலி சீக்கிரம் கொறைஞ்சிரும். அப்பதான் கவனமா இருக்கணும். வலி போனதும் சுகமாயிட்டோம்னு நெனச்சு ஓடும்."

அதைக் கேட்டு அவள் தலையாட்ட மறந்தாள். தோட்டத்து மருந்து வீட்டில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுத் தானும் எத்தனை காலை கூடையைத் தூக்கியிருக்கிறாள் என்று யோசித்தாள். படுத்திரு என்று அவளிடம் எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் படுத்திருப்பாளா என்பதும் தெரியவில்லை.

கோழிக்கூட்டைக் கழுவி, கோணி விரித்து, உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். கோழிகள் அழகையா வீட்டு அடுப்படிக்குக் குடிபோயின. "நாய்க்குச் சொகமில்லன்னா நான் கோழி மேய்க்கணும்" என்று அவர் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சில நாட்களில் நடுக்கம் நின்றது. சோறு தின்றது. அப்போதுதான் சங்கடம் தொடங்கியது. கருப்பம்மா படங்கைக் கட்டியதும் கோச்சி கூட்டுக் கம்பியில் மோதி அழுதது. அவள் பெரட்டுக்களம் போய்ச் சேரும்வரை அந்த அழுகை காதில் வந்தது.

அன்று அவள் மலையில் நிரை பாதி முடித்திருந்தாள். செடிகளுக்கிடையில் கோச்சி வருவதைக் கண்டாள். மூச்சிரைக்க, வாலை ஆட்டிக்கொண்டு, எதையோ சாதித்துவிட்ட முகத்தோடு வந்தது. குறுக்கே இருந்த மழைநீர்க் கானைத் தாண்டியது. இறங்கிய இடத்தில் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிச் சரிந்தன. அப்போதும் அது அவளைப் பார்த்து வாலை ஆட்டப் பார்த்தது. வால் அசையவில்லை.

அவள் படங்கை அவிழ்த்துத் தரையில் விரித்தாள். பக்கத்து நிரையிலிருந்த தனுஜா மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, தொய்யாமல் இழுத்துப் பிடித்து நாயைக் கீழே கொண்டுவந்தார்கள். பண்டாரவளையில் டாக்டர் மறுபடி கிள்ளிப் பார்த்தார். இந்த முறை நெடுநேரம் கழித்துத்தான் கோச்சி திரும்பிப் பார்த்தது.

"மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்மா. இன்னொரு தடவை இப்படி ஆனா எழும்பாது."

வீடு திரும்பியபோது அழகையா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

"அழுதுச்சு தங்கச்சி. கேட்டுக்கிட்டு இருக்க முடியல. காலு மரத்துப் போயிருக்கும்னு தொறந்து விட்டேன்."

கருப்பம்மா கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் காத்திருந்தார். அடுப்படியில் கோழிகள் கேறின. மூடுபனி லயத்து வாசல்வரை வந்து நின்றது.

"ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயேன்," என்றார் கடைசியில்.

அவளுக்குத் திட்ட வரவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குப் போகும்போது கோச்சி அழுவதில்லை. கடைக்குப் போகும்போதும் இல்லை. அவள் போவது அதற்குப் பொருட்டில்லை, வேலைக்குப் போவதுதான். படங்கு சடசடத்தால் அதற்கும் வேலை உண்டு. பெரட்டுக்குப் பிந்தக் கூடாது.

"அண்ணே, ஒங்க வீட்ல ஒரு ஆணி இருக்கா?"

"ஆணியா?"

"படங்கு மாட்டணும். கூடையும் வெக்கணும்."

மறுநாள் முதல் அவள் வீட்டுச் சேலையோடு, கையில் வெறும் குடத்தோடு வெளியே வந்தாள். குடத்தை அழகையா வாசலில் வைத்தாள். உள்ளே போய்ப் படங்கை உதறாமல், சத்தமில்லாமல் கட்டிக்கொண்டு, பின்புறத்துப் பாதையால் ஏறினாள். பெரட்டுச் சங்கு ஊதியபோது கோச்சி தலையைத் தூக்கிப் பார்த்ததாம். கூட்டுக்கு எதிரே அழகையா பீடி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, தலையைத் திரும்ப வைத்துக்கொண்டதாம்.

தினமும் பெரட்டுக்குப் பிந்தி வந்தாள். "மகாராணிக்கு இப்பதான் விடியுதா?" என்றார் கங்காணி. அவள் நேரே நிரைக்குள் இறங்கினாள். அந்தப் பேச்சைவிட அவளை உறுத்தியது வேறு. தன்னை ஒரு நாளும் ஏமாற்றாத ஒன்றைத் தினமும் ஏமாற்றிவிட்டு மலையேறினாள். மாலையில் வந்து, சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையாலும் அதைத் தூக்கி வெளியே கொண்டுபோவாள். அப்போது அது முகத்தை அவள் கழுத்தில் வைத்துக்கொள்ளும். நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்காத முகம்.

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு மாலையில், புல்லில் இறக்கி வைத்தபோது, வாலின் நுனி அசைந்தது. அவள் அழகையாவைக் கூப்பிடவில்லை. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

கோச்சி நடந்தது. இடது பின்னங்கால் கொஞ்சம் தள்ளாடும். மலைக்குப் போகவில்லை, வாசற்படியில் சாய்த்து வைத்த அந்தத் தட்டுப் பலகையில்தான் ஏறும், இறங்கும். கோழிகள் கூட்டுக்குத் திரும்ப மறுத்ததால் அழகையாவே வைத்துக்கொண்டார். டாக்டர் நபீலா பதுளைக்கு மாற்றலாகிப் போனார். ஸாஹிர் இன்னும் ஆட்டோ ஓட்டுகிறான். கருப்பம்மா அடுத்த வருடம் முதுகு வலிக்கென்று முதன்முறையாக விடுப்பு எடுத்துப் படுத்திருந்தாள். பிறகு மறுபடி வேலைக்குப் போனாள். படங்கு இன்னும் அழகையா வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.